பேனர்க்காரி

குறிஞ்சான்பட்டி விலக்கில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர் மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு வாயைத் திறந்து, "கண்ணுச்சாமி, என் புருசன் உன் கடையில பத்து வருசமா டீ குடிச்சாரே, என்னைக்காச்சும் அவரு மேல சாராய வாடை அடிச்சிருக்கா, சொல்லு" என்று கேட்டபோது, டீக்கடைக் கண்ணுச்சாமி கையிலிருந்த டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. இன்னும் ரெண்டு ஆற்று ஆற்றி, கிளாஸை மேசையில் வைத்து, "அடிச்சதில்ல தாயி" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த டீக்குப் பாலை எடுத்தான்.

பேனர் பேசியதில் அந்த ஊருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாலு ரோடு கூடுகிற இடம் அது. மினி பஸ், லோடு வண்டி, கட்சிக்காரன் மைக், காதுகுத்து வீட்டு ரேடியோ செட்டு என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்று கத்திக்கொண்டேதான் இருக்கும், அதோடு பேனரும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். பேனர் என்ன பேசியது என்பதைத்தான் அவர்கள் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்டார்களா? அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வருகிறேன்.

சீனித்தாயும் அவள் புருசன் வனராஜும் வெங்காய வியாபாரம். குட்டியானை என்று ஊரே சொல்லுமே, அந்தச் சின்ன லோடு வண்டி ஒன்று, சீனித்தாயின் வளையலும் சங்கிலியும் போய் அவள் பேரிலேயே வாங்கியது, அதில் மூட்டையை ஏற்றிக்கொண்டு சுற்றுப்பட்டு முப்பது ஊருக்கும் போவார்கள். அவன் ஓட்டுவான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் பேசுவாள். வனராஜ் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அது பெரிய பேச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். "வெங்காயம் வெங்காயம் பல்லாரி வெங்காயம், அழுகலைப் பொறுக்கி நாங்க எறிஞ்சாச்சு, நல்லதப் பொறுக்கி நீங்க எடுத்துக்கிடுங்க, மாமியா மேல உள்ள கோவத்த அருவாமனையில காட்டுங்க, வனராஜ் வண்டி வந்திருக்கு" என்று அவள் தெருமுக்கில் குரல் கொடுத்தால், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறவள்கூடப் பிள்ளையோடு எழுந்து வருவாள். தொண்டை கட்டிக்கொள்கிற நாளுக்கு ஆகட்டும் என்று அந்தப் பேச்சை ஒரு பென் டிரைவில் பதிந்தும் வைத்திருந்தார்கள்.

வைகாசி மாசத்தில் வனராஜின் தம்பி கனிராஜ் வீடு கட்டக் கல் அடிக்கணும் என்று வண்டியை நாலு நாள் வாங்கிப் போனான். லோடு வண்டி ஸ்டாண்டுக்கு அவன்தான் தலைவன், நாலு பேர் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்பார்கள், சொந்த அண்ணன் மாட்டேன் என்று சொல்லிவிட முடியுமா? ஒரு டன் தாங்குகிற வண்டியில் மூணு டன் கல்லை ஏற்றி ஏற்றி இறக்கிவிட்டு, ஐந்தாம் நாள் கொண்டுவந்து வாசலில் விட்டான். மறுநாள் காலை வனராஜ் சட்டையை மாட்டிக்கொண்டே, "பிரேக்க மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுது. மெக்கானிக்கிட்ட காட்டிட்டேன்ங்கிறான் தம்பி, சரியாத்தான் இருக்கும்" என்று சொன்னான். அன்றைக்கு அவனுடைய நாலு வார்த்தையில் மூணு அதிலேயே போய்விட்டது. நாலாவதாக, காய்ச்சலில் படுத்திருந்த சீனித்தாயைப் பார்த்து, "கஞ்சி குடி" என்றான்.

ரயில்வே பாலத்து இறக்கத்தில் வண்டி புளியமரத்தில் போய் மோதியது. அவன் உயிர் உடனே போய்விட்டது. வண்டிக்கு மூஞ்சிதான் நசுங்கியது, பாட்டரியும் பென் டிரைவ் ஓடிய மைக் செட்டும் அப்படியே இருந்ததால், யாரோ ஒயரைப் பிடுங்கிப் போடும்வரை சீனித்தாயின் குரல் அங்கேயே நின்று, அவன் தலைமாட்டில், வனராஜ் வண்டி வந்திருக்கு, வனராஜ் வண்டி வந்திருக்கு என்று வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்கு முதலில் ஓடியவன் கனிராஜ். கல் ஏற்றிய கதை வெளியே வந்தால் தன் கழுத்துக்குக் கயிறு என்று அவனுக்குத் தெரியும். "அண்ணன் முந்தின நாளே குடிச்சிருந்தாரு சார், சொல்லியும் கேக்கல" என்று ஏட்டையாவிடம் அழுதான். அழுதது நிஜமான அழுகைதான், அதுதான் அதில் பெரிய அயோக்கியத்தனம். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. சாராயக் கடை இருக்கிற தெருவில் நடந்தாலே தலைவலிக்கிறது என்று சுற்றிப் போகிற மனுசனை, செத்த அன்றைக்கே குடிகாரனாக்கிவிட்டார்கள்.

சீனித்தாய் அதைப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அவரு குடிக்கல" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவள் வாய் திறந்ததும் சுற்றியிருந்த பொம்பளைகள் "அழுதுரு தாயி, மனசுல வைக்காம அழுதுரு" என்று அவளைப் பாய்ந்து கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். ஓய்ந்ததும் மறுபடி வாயைத் திறந்தாள், மறுபடி ஒப்பாரி. இப்படி ஆறு தடவை. ஏழாவது தடவை அவள் வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை, காற்றுகூட வரவில்லை. அது எங்கே போயிற்று என்று கேட்டால், பேனருக்குப் போயிற்று.

பேனர் கதை இதுதான். லைசென்ஸில் இருக்கிற மங்கல் படத்தை விட்டால், இறந்தவன் தனியாக எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றுகூட இல்லை. ஸ்டாண்டுக்காரர்கள் கல்யாணப் போட்டோவை செல்போனில் படம் பிடித்து டவுனில் உள்ள பிளக்ஸ் கடைக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு முகூர்த்தம், கடையில் காதுகுத்தும் கல்யாணமுமாக ஐம்பது பேனர் வரிசையில் கிடந்தது. முகத்தை வெட்டி எடுக்கிற பெண்பிள்ளை ஒரு மேசை, எழுத்தைக் கோக்கிற பையன் வேறொரு மேசை. நகையும் பூவுமாக ஒரு பெண்ணைக் கண்டதும் இவளும் கல்யாணத்துக்குத்தான் என்று முகூர்த்த ஞாபகத்தில் பெண்ணின் முகத்தை வெட்டிக் கொடுத்துவிட்டாள். அவன் நிமிர்ந்து பார்க்காமல் எழுத்தை ஒட்டிவிட்டான். சுருட்டிக் கயிறு கட்டி வந்த பேனரை விலக்கில் வைத்துப் பிரிக்கும்போது, பாடை தெருமுக்குக்கு வந்துவிட்டது. பத்தடி உயரத்தில் இருபத்திரண்டு வயசு சீனித்தாய் மல்லிகையும் மூக்குத்தியுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், கீழே 'அமரர் திரு. வனராஜ்' என்று எழுதியிருக்கிறது, அதற்கும் கீழே ஸ்டாண்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர் கைகூப்பித் துக்கத்தில் வரிசையாக இருக்கிறார்கள், நடுவில் பெரிய முகமாகக் கனிராஜ்.

கழற்றிவிட்டிருக்கலாம். ஆனால் அந்த ஸ்டாண்டில் ஒரு பயம் உண்டு. ஏற்றிய அஞ்சலி பேனரைப் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் இறக்கினால், அடுத்த பேனர் இறக்கினவனுக்குத்தான் என்று. எவன் கை வைப்பான்? அப்படியே கட்டினார்கள். மேல் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்ட அந்த நேரம்தான் பாடை போன வீட்டில் சீனித்தாய் ஏழாவது தடவை வாயைத் திறந்த நேரம்.

மூன்றாம் நாள் கண்ணுச்சாமியிடம் ஆரம்பித்த பேனர் பிறகு யாரையும் விடவில்லை. ஏட்டையா வண்டியில் போனால், "ஏட்டையா, பிரேக்க ஒரு மிதி மிதிச்சுப் பாத்துட்டு எழுதிருந்தா உங்க பேனா தேஞ்சா போயிருக்கும்?" என்று நிறுத்திக் கேட்டது. பஸ்ஸுக்கு நிற்கிற பொம்பளைகளிடம், "என் வாயில உங்க மாராப்பத் திணிச்சீகளே, எதுக்கு? உங்களுக்கு அழுகதான வேணும், உண்மை எதுக்கு?" என்றது. கல் ஏற்றிவிட்ட ஸ்டாண்டுக்காரர்களை, பேனரின் காலடியில் கைகூப்பி நிற்கிற அவர்களுடைய படத்தையே சுட்டி, பேர் பேராகச் சொல்லித் திட்டியது. ஒளிவு மறைவு இல்லை, நாள், நேரம், எத்தனை நடை கல், யார் யார் ஏற்றியது என்று வெங்காயத்துக்கு எடை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டது.

ஒரு ஊர் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்? ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், நாலு பேர் சாட்சி சொல்ல வேண்டும். இந்த ஊர் என்ன செய்தது தெரியுமா? குங்குமம் வைத்தது.

ஒருத்தி பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனவள் பேனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள், அன்று மாலையே பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மாத்திரைக்கு விட்ட காய்ச்சலைப் பேனர் கணக்கில் எழுதினார்கள். வாய்க்கு வாய் அது பரவி, பேனர்க்காரி திட்டினால் பீடை கழியும் என்று ஆகி, பெண்கள் ஏணி போட்டு ஏறி அந்த நெற்றியில் குங்குமத்தை அப்பினார்கள், மஞ்சள் சேலையைச் சுற்றினார்கள், எலுமிச்சம்பழ மாலை போட்டார்கள். மினி பஸ் கண்டக்டர் "பேனர்க்காரி கோயில் எறங்குறவுக முன்னால வாங்க" என்று சத்தம் போட ஆரம்பித்தான். திட்டு வாங்குவதற்கு வரிசை நின்றது. அந்த முகம் தொண்டை கிழியக் கத்தக் கத்த, கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா இன்னைக்கு உக்கிரமா இருக்கா" என்று சந்தோசமாக வீட்டுக்குப் போனார்கள்.

கனிராஜ் பதினாறு நாளும் விலக்குப் பக்கமே வராமல் கால்வாய்க் கரை வழியாகச் சுற்றிப் போனான். பதினேழாம் நாள் வந்தான். வந்தவனைப் பார்த்ததும், "அண்ணன் உசுரக் கல்லுக்கு வித்தவனே, பிரேக்க நாசமாக்கினது நீ, குடிகாரன்னு பேரு வச்சது நீ, சோறு எறங்குதாடா உனக்கு" என்று பேனர் ரோட்டை அடைத்துக் கத்தியது. கூட்டம் முழுக்கக் கேட்டது. கனிராஜ் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "ஆத்தா என்னையப் பேரச் சொல்லித் திட்டிட்டா, எனக்கு இந்தப் பாக்கியம் போதும்" என்று அழுதான். ஜனமும் சேர்ந்து அழுதது. யாரோ அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்கள். அன்றிலிருந்து பேனருக்குத் தகரக் கொட்டகை போட்டதும் அவன்தான், முதல் மரியாதை வாங்கியதும் அவன்தான். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து, கொலைகாரன் என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, பிரசாதம் தின்றுவிட்டுப் போனான்.

வண்டியையும் அவனே வைத்துக்கொண்டான். மூஞ்சியைத் தட்டி நிமிர்த்தி, பிரேக்கை இப்போது ஒழுங்காகப் பார்த்து, வெங்காயத்தை ஏற்றி, அந்தப் பென் டிரைவைச் செருகிவிட்டான். தினமும் காலை எட்டு மணிக்கு சீனித்தாயின் குரல் சீனித்தாயின் வீட்டு வாசல் வழியாக, வனராஜ் வண்டி வந்திருக்கு என்று சொல்லிக்கொண்டே போகும். அவள் உள்ளே மூலையில் ஊமையாக உட்கார்ந்து அதைக் கேட்பாள். கேட்டுக் கேட்டு ஒரு நாள் தண்ணிச் செம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். காரை பெயர்ந்து விழுந்தது, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

சோறு கொண்டுவந்து கொடுப்பது கனிராஜின் பெண்டாட்டி பவுன்தாய். கெட்டவள் இல்லை, பயந்தவள். ஆடி முதல் வெள்ளிக்குப் பேனர்க்காரிக்கு ஊர்ப்பொங்கல் என்று முடிவானபோது, சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, சொல்றேன்னு மனசுல வச்சுக்கிடாதீக. வெள்ளிக்கெழம அந்தப் பக்கமா வந்துராதீக. நூத்தியெட்டுச் சுமங்கலிக பொங்க வைக்காக. எதுக்க நீங்க வந்தா நல்லாருக்காதுன்னு எங்க வீட்டுல அவுக சொல்லச் சொன்னாக."

சீனித்தாய் அவளைப் பார்த்தாள். பிறகு தன் முகத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். நெற்றியை, மூக்கை, வாயை. யார் முகத்துக்குடீ பொங்கல் என்று கேட்டது அந்த விரல். பவுன்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்குத் தெரியும்க்கா" என்று முணுமுணுத்துவிட்டு, முந்தின நாள் சட்டியைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

அவளுடைய முகத்துக்கு நூற்றியெட்டுப் பேர் குங்குமம் வைப்பார்கள், அவள் நெற்றியில் வைக்கக்கூடாது. அவளுடைய குரல் முப்பது ஊர் சுற்றும், அவள் தெருமுக்கைத் தாண்டக்கூடாது. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? அவளுக்கு அழுகை வரவில்லை. உள்ளங்காலில் ஆரம்பித்துக் காது வரைக்கும் கோபம்தான் வந்தது.

மறுநாள் மத்தியானம், வெயிலுக்குப் பயந்து ஊர் கதவைச் சாத்திப் படுத்திருந்த நேரம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விலக்குக்குப் போனாள். கண்ணுச்சாமி கடையில் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தான். கொட்டகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தாள். கீழே இருந்த பன்னிரண்டு பேரும் வெயிலில் வெளுத்துப்போயிருந்தார்கள், வனராஜின் பெயர் கொஞ்சம் மங்கியிருந்தது, முகம் மட்டும் கட்டிய அன்றைக்கு இருந்ததைவிடப் பளிச்சென்று இருந்தது. அவளைக் கண்டதும் அது கத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"வந்துட்டியா. எம்புட்டு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன். குங்குமம் கண்ணுல விழுந்து எரியுது, தொடைக்க ஒரு ஆள் இல்ல."

சீனித்தாய் கையை ஆட்டினாள். என் குரலைக் கொடு என்றுதான் அந்தக் கைக்கு அர்த்தம்.

"நானா வச்சுக்கிட்டேன்? நீ போட்டுட்டுப் போன, நான் பேசுறேன். தொண்ட வலிக்க வலிக்கப் பேசுறேன். ஒருத்தனும் கேக்கல, கும்புடுறான். நான் கல்யாணத்தன்னைக்கு எடுத்த படம், அவருகூட ஒரு நாள் வாழ்ந்ததில்ல. அவருக்குக் காப்பிக்குச் சீனி எம்புட்டுன்னு எனக்குத் தெரியாது. குடிக்க மாட்டாருங்கிறதே நீ சொல்லித்தான் தெரியும். நான் பேசுனா அது சாமி வாக்கு, கேட்டுட்டுப் போயிருவாங்க. பன்னெண்டு வருசம் கூட இருந்தவ நீ. நீ வந்து கேளு."

சீனித்தாய் அந்தச் சிரிக்கிற பிள்ளையை ரொம்ப நேரம் பார்த்தாள். நல்ல பிள்ளைதான், ஆனால் இனிமேல் அது தானில்லை என்று தெரிந்தது. மூலையில் உட்கார்ந்திருக்கிறவளும் தானில்லை. பின்னே யார் என்று அவளுக்கே இன்னும் பேர் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அவளுக்கு வண்டி வேண்டும், புருசன் பேரில் பூசின சாணியைக் கழுவ வேண்டும். அவ்வளவு தெரிந்தது, அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நூற்றியெட்டுப் பானையிலும் பால் பொங்கப் பார்க்கிற நேரம். கனிராஜ் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நிற்கிறான். கூட்டத்துக்குப் பின்னால் வண்டி நிற்கிறது, அதில் சாமி பாட்டுக்கு நடுநடுவே வெங்காயப் பேச்சும் ஓடுகிறது, ஆத்தா குரல் என்று அதற்கும் கும்பிடு. தெருமுக்கில் சீனித்தாய் வந்தாள். வியாபாரத்துக்குக் கட்டுகிற நீலச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. வெறும் நெற்றி.

அவளைக் கண்டதும் பொம்பளைகள் பதறி ஒதுங்கினார்கள். தாலி கட்டியிருக்கிறவள் எவளும் எதிரே நிற்கத் துணியவில்லை, முந்தானையால் மூஞ்சியை மறைத்துக்கொண்டு ரெண்டு பக்கமும் விலகினார்கள். அப்படி விலகியதில் தெருமுக்கிலிருந்து கொட்டகை வரைக்கும் நேராக ஒரு பாதை கிடைத்தது. இத்தனை நாள் அவளை வீட்டில் கட்டிப்போட்டது எதுவோ, அதுவே அன்றைக்கு வழிவிட்டது. அவள் யார் மேலும் இடிக்காமல் நடந்து வந்தாள். கண்ணுச்சாமி, யாரும் சொல்லாமலே, கடை பெஞ்சைத் தூக்கிவந்து பேனருக்குக் கீழே போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான்.

பெஞ்சில் ஏறி, அங்கே சாய்த்திருந்த ஏணியில் ரெண்டு படி ஏறி, உள்ளங்கையை அகல விரித்து, பேனரின் நெற்றியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். குங்குமம் கையோடு வந்தது. குங்குமத்துக்குப் பின்னால் நெற்றி இல்லை. கண்ணைத் துடைத்தாள், கண் போயிற்று, அதோடு மூக்குத்தி, சிரிப்பு, மல்லிகை எல்லாம் வரிசையாகப் போய், கரும்பலகையை அழித்த மாதிரி அந்த இடம் வெள்ளை பிளக்ஸாக நின்றது. வண்டியில் ஓடிய குரல் ஒரு சொல்லின் பாதியில் நின்றது. சீனித்தாய் இருமினாள். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் அவள் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான்.

இறங்கி வந்து, கையில் இருந்த குங்குமத்தைக் கனிராஜின் வெள்ளைச் சட்டையில் மேலிருந்து கீழே வரை துடைத்தாள். பிறகு அதே கையை நீட்டினாள்.

"வண்டிச் சாவியக் குடு" என்றாள்.

இத்தனை நாள் எதிரே நிற்கப் பயந்தவர்கள் இப்போது என்ன சொன்னார்கள் தெரியுமா? "சாமி எறங்கிருச்சு, சாமி எறங்கிருச்சு" என்றார்கள். குலவை கிளம்பியது. ஒருத்தி வேப்பிலையை அவள் கையில் திணிக்க வந்தாள், இன்னொருத்தி கற்பூரத்தட்டை மூஞ்சிக்கு நேராகக் காட்டினாள். எவளாவது ஒரு பொம்பளை நியாயம் கேட்டால் அவளைச் சாமியாக்கிவிட வேண்டியது, அதோடு கேள்வி முடிந்தது. சீனித்தாய் தட்டை ஒரு நொடி பார்த்தாள். குனிந்து, கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்தாள்.

குலவை நின்றுவிட்டது. கற்பூரத்தை ஊதி அணைக்கிற சாமியை அங்கே யாரும் கண்டதில்லை.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல" என்றாள். குரல் கரகரத்தது, ஆனால் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது, மைக்கில் பழகின குரல். "சீனித்தாய். வனராஜ் பொண்டாட்டி. வேப்பிலையக் கீழ போடுங்க."

கனிராஜ் கைகூப்பினான். தினமும் காலையில் கும்பிட்ட பழக்கம். "ஆத்தா, நீ என்ன சொன்னாலும்..."

"ஆத்தா யாரு? மதினின்னு சொல்லு."

சாமியாக இருந்தால் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து போகலாம். மதினிக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதுவும் ஊர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது.

"மதினி" என்றான்.

"ம். இப்பச் சொல்லு. பிரேக்க எந்த மெக்கானிக்கிட்ட காட்டுன?"

அவன் ஸ்டாண்டுக்காரர்களைப் பார்த்தான். அவர்கள் ஆளுக்கொரு பொங்கப்பானையைப் பார்த்தார்கள்.

"அவங்களப் பாக்காத, என்னையப் பாரு. யார்கிட்ட காட்டுன?"

"காட்டல மதினி."

"காட்டலைன்னு தெரிஞ்சே அவரு கையில வண்டியக் குடுத்த. உங்க அண்ணன் குடிச்சாரா?"

எங்கேயோ ஒரு பானையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் குலவை போடவில்லை.

"குடிக்கல மதினி."

"சத்தமா."

"எங்க அண்ணன் குடிக்கல" என்றான். இந்தத் தடவை அழுதான், ஆனால் திருநீறு பூச யாரும் வரவில்லை. பவுன்தாய்தான் வந்தாள். புருசனின் சட்டைப் பையில் கையை விட்டு, குங்குமம் ஒட்டிய சாவியை எடுத்து, "இந்தாங்கக்கா" என்று சீனித்தாய் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் பானைக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

சீனித்தாய் திரும்பினாள். கண்ணுச்சாமி தலையைச் சொறிந்தான்.

"நீ மட்டும் என்ன? அன்னைக்கே அடிச்சதில்லன்னு சொன்ன. பேனர்கிட்ட சொன்ன. ஸ்டேசன்ல ஏன் சொல்லல?"

"திங்கக்கெழம வாரேன் தாயி" என்றான். "வரணும்" என்றாள்.

பதினாறு முடிந்தும் ஸ்டாண்டுக்காரன் எவனும் கை வைக்கத் துணியாத வேலையைப் பிறகு அவள் செய்தாள். ஏணியில் ஏறி, கயிற்றை அறுத்து, பேனரை இறக்கினாள். எந்த அஞ்சலி பேனரும் கடைசியில் மாட்டுக்கொட்டகைக்கோ குளிக்கிற மறைப்புக்கோதானே போகும்? இவள் நாலாக மடித்து வண்டிக்குள் எறிந்தாள். வானம் கருத்துக்கொண்டு வந்தது, வெங்காயம் திறந்து கிடந்தது. பேனரை விரித்து, வெங்காயத்தின் மேல் போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துக் கட்டினாள். வனராஜின் பெயர் மேலே வருகிற மாதிரிக் கட்டினாள். செட்டிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கி, பழைய குரலைத் தூர எறியாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்கும் லைசென்ஸ் உண்டு, எடுத்து வை என்று மூணு வருசம் முன்னால் வனராஜ் கூட்டிப்போய் எடுக்க வைத்தது, எதற்கு என்று அன்றைக்கு அவனையே திட்டியிருந்தாள். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். முதல் வேலையாகப் பிரேக்கை மூணு தடவை மிதித்துப் பார்த்தாள்.

ஏட்டையா எழுதின காகிதத்தில் அவன் இன்னும் குடிகாரன்தான், அது ஒரு நாளில் மாறுகிற காகிதம் இல்லை. ஆனால் திங்கள்கிழமை தோறும் ஸ்டேஷன் எதிரே ஒரு வெங்காய வண்டி நிற்கிறது, சாட்சிக்குக் கண்ணுச்சாமி உள்ளே போகிறான், போன வாரத்திலிருந்து பவுன்தாயும் போகிறாள். வெளியே மைக்கில் ஒரு பொம்பளை வெங்காயத்தையும் சொல்லி, பிரேக்கையும் சொல்லி, ஒவ்வொரு நடைக் கல்லையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏட்டையாவுக்குக் காது வலிக்கிறதாம். வலிக்கட்டும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். முதல் ஊரில் நுழையும்போது தூறல் விழுந்தது, பேனருக்குக் கீழே வெங்காயம் காய்ந்தே இருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனாள். வழக்கமான பேச்சு நாக்குநுனி வரைக்கும் வந்து, வனராஜ் வண்டி என்கிற இடத்தில் ஒரு நிமிசம் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வெங்காயம் வெங்காயம் பல்லாரி வெங்காயம்" என்றாள். "சீனித்தாய் வண்டி வந்திருக்கு."

கூடையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். விசயம் வண்டிக்கு முன்னாலேயே வந்திருந்தது. ஒருத்தி கிட்டே வந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, அந்தப் பேனர்ல பேசுன ஆத்தா நீதானா?"

"வெங்காயம் வேணுமா வேணாமா?"

"பாரு, கோவங்கூட அப்படியே அந்த ஆத்தா மாதிரியே வருது."

"நான் என்னைய மாதிரிதான் கோவப்படுறேன்" என்று சீனித்தாய் தராசைத் தூக்கினாள். "எத்தன கிலோ?"